பல நாட்டவர் சேர்ந்த ப்ராஜெக்ட் டீம்: நான்கு வழிகளில் எது உங்களுக்கு?

பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும் டீம் சண்டை போட்டு உடைவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. வாராந்திர மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அறிக்கையில் எல்லாவற்றுக்கும் 'சிக்கல் இல்லை' என்று பச்சை நிறம் போட்டிருக்கிறது. டெலிவரிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவர் குண்டைத் தூக்கிப் போடுகிறார்: முக்கியமான ஒரு பகுதி இன்னும் தொடங்கவே இல்லை. விசாரித்துப் பார்த்தால், அதற்குப் பொறுப்பானவர் மூன்று வாரம் முன்பே சொல்லியிருப்பார், அவருக்குப் பழக்கமான விதத்தில். "இந்தப் பகுதி கொஞ்சம் சிக்கலானது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று. அதைவிட வெளிப்படையாகச் சொல்வது அவர் வளர்ந்த இடத்தில் மேலதிகாரியை எல்லோர் முன்னிலும் சங்கடப்படுத்துவது. கேட்டவருக்கோ அது ஒரு சாதாரண நிலவரமாகத்தான் பட்டது.

இருவர் மீதும் தவறு சொல்ல முடியாது. ஆனால் ப்ராஜெக்ட் தவறிவிட்டது. இதைத் தவிர்க்க, டீமை நடத்தும் லீட் எடுக்கக்கூடிய வழிகள் நடைமுறையில் நான்குதான். எல்லோரையும் ஒரே மொழி, ஒரே முறைக்குள் கொண்டுவருவது. பண்பாட்டுப் பயிற்சி கொடுத்து ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வைப்பது. வேலையை இடவாரியாகப் பிரித்து நடுவில் ஒரு இணைப்பாளரை வைப்பது. அந்த டீமுக்கென்று சில விதிகளை டீமே எழுதிக்கொள்வது. செலவு, நேரம், ஒற்றுமை என்று எதை வைத்து வேண்டுமானாலும் இவற்றை ஒப்பிடலாம். நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் முன்னால் வைக்கிறேன்: கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் மேலே வருகிறது? செய்தி சீக்கிரம் வந்துவிட்டால் மற்ற பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றைச் சமாளிக்க நேரம் கிடைக்கும்.

ஒரே மொழி, ஒரே முறை

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. முடிவெடுக்கச் சுலபம், அறிவிக்கவும் சுலபம். இதில் பிரபலமான உதாரணம் ஜப்பானின் இணைய வணிக நிறுவனமான ரகுடென். 2010-இல் அதன் தலைவர் ஹிரோஷி மிகிதானி, இனி நிறுவனத்தின் அலுவல் மொழி ஆங்கிலம் என்று அறிவித்தார். டோக்கியோவில் ஜப்பானியர்களே ஜப்பானியர்களோடு பேசும் மீட்டிங்குக்கும் அதுதான் விதி. இரண்டு ஆண்டு அவகாசத்துக்குள் ஊழியர்கள் மொழித் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பதவி பாதிக்கப்படும் என்ற நிலை.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒரு ஆவணத்தை நான்கு மொழியில் எழுத வேண்டியதில்லை. புதிதாக வாங்கிய வெளிநாட்டுக் கிளைகள் தலைமையகத்தோடு நேரடியாகப் பேச முடிகிறது. ஆனால் கெட்ட செய்தியை வைத்துப் பார்த்தால் இந்த வழி ஆரம்பத்தில் நிலைமையை மோசமாக்கும் என்பதே என் எண்ணம். தாய்மொழியில் ஒரு சந்தேகத்தைச் சொல்லவே தயங்குகிறவர், பாதி தெரிந்த மொழியில் அதைச் சொல்லவே மாட்டார். இருபது ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர், வார்த்தை தேடித் தடுமாறுவதால் கற்றுக்குட்டி போலத் தெரிகிறார். மொழி சரளமாக வருகிறவர் சொல்வதே சரி என்று மீட்டிங் முடிந்துவிடுகிறது. இந்த வழியில் போகிறவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

சில துறைகளில் இது தவிர்க்கவே முடியாத வழி. விமானத் துறை அப்படி. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில், மூடுபனிக்கு நடுவே, ஓடுபாதையிலேயே இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். டச்சு விமானம், ஸ்பானியக் கட்டுப்பாட்டு அறை, அமெரிக்க விமானம். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி கிடைத்துவிட்டதா இல்லையா என்பதில் ஏற்பட்ட குழப்பம் ஒரு முக்கியக் காரணம். அதன் பிறகு விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் ரேடியோவில் பேசும் சொற்றொடர்கள் இறுக்கமாக வரையறுக்கப்பட்டன. சர்வதேச விமானப் போக்குவரத்தில் ஈடுபடும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் குறைந்தபட்ச மொழித்திறன் நிலை 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த விபத்தில் பண்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் தாண்டிப் போய்விடும் ஒரு கணம் உண்டு. டச்சு விமானம் ஓடத் தொடங்கியதும், அமெரிக்க விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். கேப்டன் அழுத்தமாக மறுத்தார். பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. டச்சு விமானிகள் அறையில் இருந்த மூவரும் ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே மொழி பேசியவர்கள். நடுவில் இருந்தது பதவி வித்தியாசம் மட்டும்தான். ஆக, மொழியை ஒன்றாக்கினால் வார்த்தைக் குழப்பம் தீரும். மூத்தவர் முன்னால் வாய் மூடிக்கொள்ளும் பழக்கம் தீராது. அதற்கு விமானத் துறை 1979-இலிருந்து வேறொரு பயிற்சியை உருவாக்கியது: இளையவர் சந்தேகத்தை எப்படிப் படிப்படியாக அழுத்திச் சொல்ல வேண்டும், கேப்டன் அதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான பயிற்சி. அது நான்காவது வழிக்குப் பக்கத்தில் வருவது. அப்புறம் பார்ப்போம்.

பண்பாட்டுப் பயிற்சி

இதன் வேர் டச்சு சமூக உளவியலாளர் கெர்ட் ஹாஃப்ஸ்டெட் செய்த ஆய்வு. 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுக் கிளைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, அதிகார இடைவெளி (மேல் கீழ் வித்தியாசத்தை எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது), தனிமனிதப் போக்கு, நிச்சயமின்மையைத் தவிர்க்கும் போக்கு என்று நாடுகளை அளவிட்டார். 1980-இல் அது வெளிவந்தது. மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் இன்னொரு பக்கம், சொல்லில் எல்லாவற்றையும் வைக்கும் பண்பாடுகளையும் சூழலிலிருந்து புரிந்துகொள்ள விடும் பண்பாடுகளையும் பிரித்துக் காட்டினார். இன்றைக்கு நடக்கும் பல பயிலரங்குகளில் காட்டப்படும் வரைபடங்கள் இந்த இரண்டின் வழிவந்தவை.

பயிற்சியால் கிடைக்கும் பெரிய லாபம், மற்றவரின் நோக்கத்தைச் சந்தேகப்படுவது குறைவது. "இவர் வேண்டுமென்றே மழுப்புகிறார்" என்பது "இவர் இப்படித்தான் எச்சரிப்பார் போலிருக்கிறது" என்று மாறினாலே பெரிய விஷயம். பதிலாக ஒரு புதிய ஆபத்து வந்து சேர்கிறது. ஹாஃப்ஸ்டெட்டின் எண்கள் நாடுகளின் சராசரிகள். ஒரு தனிமனிதர் மீது அவற்றைப் பொருத்தக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். பயிலரங்கை விட்டு வெளியே வருகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை மட்டும் மறந்துவிடும், வரைபடம் நினைவில் நிற்கும். "அந்த நாட்டுக்காரர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்" என்று முடிவு கட்டிவிட்டால், அந்த நாட்டுக்காரர் ஒருவர் எதிர்த்துப் பேசும்போதும் நம் காதில் விழாது. ஒரே நாட்டுக்குள் கணக்காளருக்கும் வடிவமைப்பாளருக்கும், ஆலைக்கும் ஆய்வகத்துக்கும் இருக்கும் வித்தியாசம் பல நேரம் இரண்டு நாடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைவிடப் பெரிது.

அரை நாள் பயிலரங்கு ஒன்று வைத்துவிட்டுக் கணக்குக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த வழி உண்மையாகவே பலன் தருவது அதற்கான காலம் கொடுக்கப்படும்போதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தைப் பாருங்கள். 15 நாடுகள், 5 விண்வெளி அமைப்புகள், 2000 நவம்பரிலிருந்து ஆள் இல்லாத நாளே இல்லை. அமெரிக்க விண்வெளி வீரர்கள் ரஷ்ய மொழி கற்கிறார்கள், ரஷ்ய வீரர்கள் ஆங்கிலம் கற்கிறார்கள். மேலே போவதற்கு முன் ஹூஸ்டனிலும் மாஸ்கோவுக்கு அருகிலும் மாறி மாறிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஒருவர் மௌனமாக இருந்தால் அது சம்மதமா, கோபமா, களைப்பா என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும் என்றால் அவ்வளவு பழக்கம் வேண்டும். நான்கு மாத ப்ராஜெக்டுக்கு அந்த நேரம் யாரிடமும் இல்லை.

பிரித்துக் கொடுத்து, நடுவில் ஒருவர்

ஒவ்வொரு இடத்து ஆட்களும் தங்களுக்குள் தங்கள் மொழியில், தங்கள் முறையில் வேலை செய்யட்டும். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் இணைப்பாளராக இருக்கட்டும் என்பது இந்த வழி. குறைத்து மதிப்பிடப்படும் வழி என்று சொல்வேன். வேலை உண்மையாகவே துண்டு துண்டாகப் பிரியும் என்றால், இதில் யாரும் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. உரசல் குறைவு, வேகம் அதிகம். டீமுக்குள் தாய்மொழியில் கெட்ட செய்தியும் சீக்கிரம் பரவும்.

சிக்கல் எல்லையில்தான். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 பயணிகள் விமானம் அதற்குப் பெரிய பாடம். பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நாடுகளில் பாகங்கள் செய்து பிரான்ஸின் துலூஸில் ஒன்று சேர்க்கும் ஏற்பாடு. ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்பிலும், துலூஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஹாம்பர்க்கிலிருந்து வந்த கம்பித் தொகுப்புகள் துலூஸில் பொருந்தவில்லை. ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் நூற்றுக்கணக்கில் துலூஸுக்கு வந்து கையாலேயே சரிசெய்ய வேண்டியதாயிற்று. மொத்தத் தாமதம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் கைமாறியது.

இரண்டு இடங்களும் வெவ்வேறு பதிப்பு பயன்படுத்தியதில் ரகசியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் தன் எல்லைக்குள் சரியாகத்தான் வேலை செய்தது. எல்லையின் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று சீக்கிரமே சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் பின்னுக்குப் போனது. பிரித்துக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே, அரைகுறையாக இருந்தாலும், இரண்டு பக்கத்து வேலையையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க நாள் குறித்துவிட வேண்டும்.

இணைப்பாளர் விஷயத்தில் ஒன்று. எல்லாச் செய்தியும் அவர் வழியாகத்தான் போகிறது என்றால், அவர் இரண்டு பக்கத்து மனத்தையும் காப்பாற்றப் பார்ப்பார். காரமான வார்த்தையைப் பூசி மெழுகித் தருவார். அது அவர் குணத்தில் உள்ள குறை இல்லை, அவருக்குக் கொடுத்த வேலையே அப்படி. அதனால் எழுத்தில் வரும் எச்சரிக்கைகள் அவரைத் தொடாமல் நேராகப் போகட்டும்; பேச்சுவார்த்தை மட்டும் அவர் வழியாகப் போகட்டும்.

டீமே எழுதிக்கொள்ளும் விதிகள்

பெரும்பாலான டீம்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். யாருடைய பண்பாட்டையும் மாற்ற முயலாமல், வேலை சிக்கிக்கொள்ளும் சில இடங்களுக்கு மட்டும் பொதுவான விதி வகுப்பது. எந்த இடங்கள்? ஜீன் பிரெட், கிறிஸ்டின் பெஃபார், மேரி கெர்ன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-இல் பல பண்பாட்டு டீம்களை ஆராய்ந்து நான்கு இடங்களைச் சொன்னார்கள்: நேராகச் சொல்வதா சுற்றிவளைத்துச் சொல்வதா, மொழித்திறனும் உச்சரிப்பும், மேல் கீழ் பற்றிய எண்ணம், முடிவெடுக்கும் முறை. என் அனுபவத்திலும் இந்த நான்கைத் தாண்டி வரும் தகராறு குறைவு. நேரம் பற்றிய எண்ணத்தை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

விதி என்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம்மி ஆலை நல்ல சாட்சி. கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, 1984-இல் அதே நிறுவனமும் டொயோட்டாவும் சேர்ந்து திறந்தன. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. வேலைக்கு வராமல் இருப்பதற்குப் பேர்போனவர்கள். பழைய ஆலையில் உற்பத்தி வரிசையை நிறுத்துவது பெரும் குற்றம். குறையோடு கார் போனாலும் பரவாயில்லை, வரிசை ஓட வேண்டும். புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு. ஏதாவது சரியில்லை என்றால் இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் உதவிக்கு ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். அதே மனிதர்கள் தயாரித்த கார்களின் தரம் குறுகிய காலத்தில் அமெரிக்காவின் நல்ல ஆலைகளுக்கு ஈடாக உயர்ந்தது. வெளிப்படையாகப் பேசுங்கள் என்ற உபதேசம் மட்டும் இதைச் சாதித்திருக்காது. கயிற்றை இழுப்பது வேலையின் ஒரு பகுதி ஆனது, அவ்வளவுதான். இழுப்பவர் தைரியசாலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அலுவலக ப்ராஜெக்டில் அந்தக் கயிறு எப்படி இருக்கும்? வாராந்திர நிலவரத்தை மூன்று வரியாக எழுதச் சொல்லுங்கள்: முடிந்தது, காத்திருப்பது, சந்தேகம். மூன்றாவது வரியை யாரும் காலியாக விடக் கூடாது என்பது விதி. "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக முடியும் என்பார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் முடியாமல் போக எது காரணமாக இருக்கலாம்?" என்று கேட்டால் பதில் சொல்வதே மரியாதையாகிவிடுகிறது. மறுத்துப் பேசப் பழகாதவரும் இதற்குத் தாராளமாகப் பதில் எழுதுவார். அந்த வரிக்கு லீட் தரும் முதல் பதில் "ஏன்?" என்று இருக்கக் கூடாது, "என்ன உதவி வேண்டும்?" என்று இருக்க வேண்டும். இரண்டு முறை "ஏன்?" கேட்டுவிட்டால் போதும், மூன்றாவது வாரத்திலிருந்து சந்தேக வரியில் ஒப்புக்கு ஏதாவது எழுதி வைப்பார்கள்.

கருத்து வேறுபாட்டுக்கு: ஆவணத்தை இரண்டு நாள் முன்பே அனுப்பி, எல்லோரும் எழுத்தில் கருத்துச் சொல்லட்டும், பதவியில் இளையவர் முதலில், லீட் கடைசியில். மொழி சரளமில்லாதவருக்கும், மூத்தவர் பேசியபின் வாய் திறக்காதவருக்கும் ஒரே ஏற்பாட்டில் இடம் கிடைத்துவிடுகிறது. முடிவுக்கு: ஒவ்வொரு முடிவுக்கும் கீழே, எடுத்தவர் யார், எந்தத் தேதி வரை மறுபரிசீலனைக்குத் திறந்திருக்கும் என்று ஒரு வரி. சில இடங்களில் முடிவு என்றால் நாளைக்கே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு தொடக்கம்; வேறு சில இடங்களில் எல்லோரையும் கலந்து பேசியபின் வரும் கடைசி வார்த்தை. அந்தத் தேதி எழுதப்படவில்லை என்றால் ஒரு பக்கம் துரோகம் என்று நினைக்கும், மறுபக்கம் பிடிவாதம் என்று நினைக்கும். விமர்சனத்துக்கு: வேலையைப் பற்றி எல்லோர் முன்னிலும் சொல்லலாம், ஆளைப் பற்றித் தனியாக மட்டும். நேரத்துக்கு: தாமதம் ஆகும் என்றால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருக்கட்டும். மீட்டிங் நேரம் மாதாமாதம் சுழலட்டும்; ஒரே நாட்டுக்காரர்கள் எப்போதும் நடு இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

இந்த வழி தோற்பதும் உண்டு. லீட் தானே எல்லாவற்றையும் எழுதி "எல்லோருக்கும் சம்மதமா?" என்று கேட்டால், நாம் தவிர்க்க நினைத்த அதே தலையாட்டல்தான் கிடைக்கும். அதனால் முதலில் ஒவ்வொருவரிடமும் தனியாக, முந்தைய ப்ராஜெக்டில் வேலைக்குத் தடையாக இருந்த இரண்டு விஷயங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அதிலிருந்து விதிகளை எடுங்கள். ஆறேழுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் நடத்திப் பார்த்துத் திருத்துங்கள்.

எதை எப்போது

தவறினால் உயிர் போகும் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வழி. கூடவே நான்காவதிலிருந்து சந்தேகத்தைச் சொல்லும் விதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டு நீளும் கூட்டு முயற்சி, ஆட்களும் அதிகம் மாற மாட்டார்கள் என்றால் இரண்டாவது வழியில் பணம் போடுவது வீண் போகாது. வேலை சுத்தமாகத் துண்டாகப் பிரியும், காலமும் குறைவு என்றால் மூன்றாவது. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை, ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு தினமும் பின்னிக் கிடக்கிறது என்றால், பெரும்பாலான மென்பொருள், கட்டுமான, ஆய்வு ப்ராஜெக்டுகள் இந்த வகைதான், நான்காவது வழியில் தொடங்குங்கள். எந்த வகை என்று தெரியாதபோதும் அதையே சொல்வேன், ஏனென்றால் அது தோற்றால் திருத்திக்கொள்ளச் சில மணி நேரம்தான் செலவு. மொழி மாற்றத்தைத் திரும்பப் பெற அப்படி முடியாது.

எந்த வழியை எடுத்தாலும் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டீமில் உள்ளவர்களுக்கு அவரவர் கிளையில் ஆண்டு மதிப்பீடு போடும் மேனேஜர் வேறொருவராக இருப்பார். உங்கள் டீமில் சந்தேக வரியை நேர்மையாக எழுதுகிறவருக்கு அங்கே "எப்போதும் பிரச்சினை கிளப்புகிறவர்" என்று மதிப்பெண் குறையும் என்றால், நீங்கள் எழுதிய எந்த விதியும் நிற்காது. அவர் தன் பிழைப்பைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். அந்த மேனேஜர்களிடம் முதல் வாரத்திலேயே பேசி, இந்த ப்ராஜெக்டில் எச்சரிக்கை எழுப்புவது வேலையின் பகுதி, மதிப்பீட்டில் அது எதிராக எண்ணப்படாது என்று மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மெயிலை டீமுக்கும் காட்டுங்கள்.